நான் தைத்த கித்தான் படுதா

உலகச் சண்டை முடிவதற்கு முந்திய வருஷத்து ஆனி மாதம். தூத்துக்குடியில், உப்பளங்களுக்கு நடுவே துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம், ஒரு லாரிக் கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். அப்பா தோணிகளுக்குப் பாய் தைப்பவர். அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து, தைத்து முடித்த பாயின் மூலையில் நூலால் போடும் சின்னச் சிலுவை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் நான் பத்தாவது வரை படித்துத் தேறினேன். கம்பெனியில் முன்பு இருந்த குமாஸ்தா பட்டாளத்தில் சேர்ந்து போய்விட, முதலாளியின் தோணிகளுக்கு அப்பாதான் பாய் தைப்பவர் என்ற பழக்கத்தில், அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதில் உட்கார்ந்த முதல் பெண் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அன்று அதை மறைத்ததில்லை, இன்றும் மறைக்கப் போவதில்லை.

பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம். எங்கள் ஐந்து லாரிகளுக்கும் கரிதான் தீனி. டிரைவர் உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் நிற்கும். அதில் உடைமரக் கரியைக் கொட்டித் தீமூட்டி, விசிறியைக் கையால் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் காஸ் கிளம்பும். அது குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். லாரி ஓடும். ஓடும் என்றால் எருமை ஓடுகிற மாதிரி. வழியில் வெறுத்துப்போய் நின்றுவிடுவதும் உண்டு.

ஆனி, ஆடியில் எங்கள் ஊருக்கு மேற்கிலிருந்து மேல்காற்று வந்துவிடும். சாலையின் இரண்டு பக்கமும் மலை மலையாக உப்பு குவித்திருப்பார்கள். காற்று அந்தக் குவியல்களின் பொடியையும் சாலை மண்ணையும் சேர்த்து அள்ளி வீசும். லாரியின் கதவுகளில் கண்ணாடி கிடையாது. மதியத்துக்குள் டிரைவர்களின் கண்கள் மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி சிவந்துவிடும். ஒருவர் கண்ணைக் கசக்கிய நொடியில் ஒரு மாட்டுவண்டியை உரசிவிட்டார். மாட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் விபத்துகளை எழுதுகிற புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. அதை எழுதியபோது எனக்குத் தோன்றியது இதுதான்: கண் தெரியாமல் ஒருவரை வண்டி ஓட்ட அனுப்புவது நம் தப்பு. அதற்கு நாம்தான் வழி செய்ய வேண்டும்.

வழியும் கண்டுபிடித்தேன். தோணியிலிருந்து கழித்துப் போட்ட பழைய பாய்களின் முரட்டுக் கித்தான் துணி எங்கள் வீட்டில் கிடந்தது. அதை வெட்டி, டிரைவர் அறையின் இரண்டு பக்கங்களுக்கும் படுதா தைத்தேன். கையை வெளியே நீட்டிச் சைகை காட்ட ஒரு சின்ன மடிப்பு வாசல். லாரியின் உடம்போடு இறுக்கிக் கட்ட நாடாக்கள். கதவோரத்து இடுக்குகளைக்கூட விடவில்லை. கித்தானைச் சுருட்டி அடைத்தேன். மெழுகு தடவிய நூலில் இரட்டைத் தையல், அப்பா சொல்லித் தந்த மாதிரி. தைத்து முடித்ததை அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏளா, இதுல காத்து ஒரு பொட்டுப் போவாது” என்றார்.

பள்ளிக்கூடத்தில் வாங்கிய சர்டிபிகேட்டைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

டிரைவர்களுக்குக் கண் எரிச்சல் நின்றது. முதலாளி பாராட்டினார். வேக்காடாக இருக்கிறது, தலை கனக்கிறது என்று ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். “கண்ணு வேணுமா, காத்து வேணுமா? ஒண்ணுதான் கிடைக்கும்” என்று நான் ஒரே போடாகப் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு எனக்கே பிடித்திருந்தது. இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

மூன்று வாரம் போயிற்று.

ஐந்து டிரைவர்களில் மூத்தவர் ஆறுமுகநேரிப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைக் ‘கிளார்க்கம்மா’ என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. அன்று உச்சிவேளை. என் மேஜையிலிருந்து பார்த்தால் ரயில்வே கேட் தெரியும். கூட்ஸ் வண்டியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேட் அடைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வரிசையில் முதலாவதாக உப்பு மூட்டைகளுடன் நின்றது அண்ணாச்சியின் லாரி. படுதா கச்சிதமாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்து நான் திருப்திப்பட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கேட் திறந்தது. லாரி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகு, குலுங்கிக்கொண்டு கிளம்பியது. சாலை எங்கள் ஆபீசுக்கு முன்னால் லேசாக வளையும். எதிரே உப்பளத்து வேலை முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் ஓலைப்பெட்டியோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். லாரி வளையவில்லை. சாலை அங்கே முடிந்துபோனது தெரியாத மாதிரி, நேராக அவர்களைப் பார்த்து வந்தது. வேகமில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. தூக்கத்தில் நடக்கிற ஆள் மாதிரி வந்தது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பெண்கள் சிதறி வரப்பில் பாய்ந்தார்கள். ஒரு பெட்டி சக்கரத்தின் கீழே நொறுங்கியது. லாரி சாலையை விட்டு இறங்கி உப்புப் பாத்தியில் அச்சு முட்டப் புதைந்து நின்றது. பெட்டிக்காரப் பெண் வரப்பில் உட்கார்ந்து தன் கால்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “பெட்டிதான போச்சு, நான் இருக்கேம்லா” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அண்ணாச்சி இறங்கினார். இறங்கியவரின் கால் மடங்கியது. எழுந்தார், மறுபடி விழுந்தார். சேற்றில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார். முகம் செக்கச்சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. கூட்டம் சேர்ந்தது. “உச்சிப் பொழுதுலயே ஏத்தியிருக்கான் பாரு” என்று யாரோ சொன்னார்கள். “பொம்பளையள கொன்னுருப்பானே, பாவிப்பய” என்றார் இன்னொருவர்.

நான் சாலையில் நின்றேன். கீழே சேறு. என் சேலை அன்று கஞ்சி போட்டது. அவருக்கும் எனக்கும் நடுவே பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை நான் இறங்கிப் போகவில்லை. அங்கிருந்தே பார்த்தேன். பார்த்தது போதும் என்று நினைத்தேன். ஆபீசுக்குத் திரும்பி, விபத்துப் புத்தகத்தைத் திறந்து, அண்ணாச்சியின் பெயரை எழுதி, பக்கத்தில் என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்: “டிரைவர் குடித்திருந்தார்.”

முதலாளி அன்றே சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு வேலை இல்லை. லைசென்ஸை ரத்து செய்யும்படி போலீசுக்கு ஒரு கடிதம். அதையும் நானே எழுதினேன், இங்கிலீஷில். குடிமயக்கத்துக்கு இங்கிலீஷில் கௌரவமான ஒரு சொல்வழக்கு உண்டு. அதை அகராதியில் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். மறுநாள் முதலாளி கையெழுத்துப் போட்டதும் தபாலில் போக வேண்டியது.

மறுநாள் காலையில் ஆபீசைத் திறக்கும்போதே அண்ணாச்சியின் மனைவி வாசலில் நின்றிருந்தார். அழுவார், கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் கோபமாக வந்திருந்தார்.

“திருச்செந்தூர்ல சத்தியம் பண்ணி பதினோரு வருசமாச்சு. அவிய அதத் தொட்டதில்ல. நீ மோந்து பாத்தியா? சொல்லு தாயி, கிட்டத்துல போயி மோந்து பாத்தியா?”

“நடக்க முடியலியே அக்கா, வாந்தி எடுத்தாங்களே” என்றேன்.

“வாந்தி நேத்து மட்டுமா? கொஞ்ச நாளாவே வீட்டுக்கு வந்தா தலையப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துருதாவ. சோறு இறங்க மாட்டேங்கு. விடிஞ்சு எந்திரிச்சா சரியாப் போவுது. வண்டியில ஏறுனா பொறவும் வருது.”

“எப்பலருந்து?”

அவர் யோசித்தார். அவர் சொன்ன பதிலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. “நீங்க படுதா தச்சுக் குடுத்தியல்லா, அதுக்குப் பொறவுதான். கண்ணெரிச்சல் இல்லன்னு உங்களப் பெருமையாத்தான் சொன்னாவ.”

அவர் போன பிறகு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். காதில் அம்மாவின் குரல் கேட்டது. எங்கள் தெருவில் பிரசவம் ஆன வீடுகளில் அறைக்குள் கரிச்சட்டியில் நெருப்பு வைப்பார்கள். அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொல்வது, “கதவ ஒருக்களிச்சு வைங்க, இல்லேன்னா கரி தலையப் பிடிச்சிரும்.” அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். படித்த பெண்ணல்லவா. புகையே இல்லாத கரி எப்படித் தலையைப் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறேன்.

காற்று ஒரு பொட்டுப் போகாது என்றார் அப்பா. உள்ளே போகாத காற்று வெளியேயும் போகாதுதானே.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு லாரி பழுதுக்கு நின்றது. மேஸ்திரி எங்கள் தெருக்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். அவரிடம் போய், டிரம்மில் தீமூட்டுங்கள், கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், நான் உள்ளே உட்கார்ந்து படுதாவைக் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

“ஏளா, உனக்கென்ன கோட்டியா, புத்தி கெட்டுப்போச்சா? நிக்க வண்டியில ஏறி எங்க போகப் போற?”

“கேட்டுல நிக்க வண்டியில அண்ணாச்சி எங்க போனாருன்னு பாக்கணும். நான் உள்ள இருந்து பதினாறாம் வாய்ப்பாட்டச் சத்தமாச் சொல்லுவேன். நின்னாலோ தப்பினாலோ உடனே படுதாவ அவுத்துருங்க.”

பதினாறாம் வாய்ப்பாட்டுக்காகப் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு தீமூட்டினார்.

உள்ளே புகை இல்லை. நாற்றமும் இல்லை. உண்மையைச் சொன்னால் சுகமாகத்தான் இருந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே ஒரு தூசி இல்லை. முதல் சுற்று முடித்தேன். இரண்டாவது முடித்தேன். மூன்றாவதிலோ நான்காவதிலோ நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியல் வைத்துத் தட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகும் நான் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று வெளிச்சம். மேஸ்திரி என்னைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். என் கால் தரையில் ஊன்றவில்லை, நூல் மாதிரி துவண்டது. அவர் முகம் வெளிறியிருந்தது.

“ஏழுபதினாறு எத்தனைன்னு தெரியுமா?”

“நூத்திப் பன்னிரண்டு. அதான சொன்னேன்?”

“எண்பதுன்னு சொன்ன. ரெண்டு தடவ எண்பதுன்னே சொன்ன.”

நான் பயந்தது அப்போதுதான். தப்பாகச் சொன்னதற்காக அல்ல. தப்பாகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவே இல்லை. சரியாகத்தான் சொல்கிறேன் என்ற நிச்சயத்தோடு சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சியும் சாலையில் சரியாகத்தான் போகிறோம் என்ற நிச்சயத்தோடு அந்தப் பெண்களை நோக்கி ஓட்டியிருக்கிறார்.

மேஸ்திரி டிரம்மின் மூடியைத் தடவிப் பார்த்தார். வண்டி ஓடும்போது எஞ்சின் காஸை இழுத்துக்கொள்கிறது. நின்றுவிட்டால் இழுக்க ஆள் இல்லை. உள்ளே கரி கனன்றுகொண்டேதான் இருக்கும். மிஞ்சிய காஸ் மூடியின் இடுக்கு வழியாகக் கசியும். முன்பெல்லாம் காற்று அதை அள்ளிக்கொண்டு போயிருக்கும். இப்போது சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகை இடுக்கு வழியாக, நான் கட்டிய பெட்டிக்குள் அது போய் நிறைகிறது.

ஒன்று பாத்தியில் கிடந்தது, ஒன்று இங்கே நின்றது. மற்ற மூன்று லாரிகளும் அந்த நேரத்தில் துறைமுக வாசலில், சுங்கச் சோதனை வரிசையில் நின்றுகொண்டிருந்தன. நின்றுகொண்டு.

“உங்க சைக்கிள் எங்க மேஸ்திரி?”

மேஸ்திரி மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். பெண்கள் அப்படிச் சைக்கிளில் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. கடைவாசலில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும். என் தலை இன்னும் கிண்ணென்று இருந்தது. இரண்டு தடவை இறங்கி ஓரமாக வாந்தி எடுத்துவிட்டு மறுபடி ஏறினேன்.

முதல் லாரியின் டிரைவர் கீழே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை. இரண்டாவது லாரியில் படுதாவைப் பிடுங்கியபோது உள்ளே இருந்தவர், “கிளார்க்கம்மா, கண்ணு வேணுமா காத்து வேணுமான்னு கேட்டிய, இப்பக் கண்ணப் பிடுங்குதியளே” என்று என் வார்த்தையையே திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது லாரியின் படுதாவைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன். அது நான் கற்றுக்கொடுத்த முடிச்சு. காற்றில் நழுவாத தோணிக்காரர் முடிச்சு. இழுக்க இழுக்க அது இறுகியது. மேஸ்திரி கத்தியை எடுத்துக் கித்தானை மேலிருந்து கீழே கிழித்தார்.

அந்த டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இறக்கிக் காற்றுவாக்கில் கிடத்தினோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம். நான் எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் முணுமுணுத்தேன். வெகு நேரம் கழித்து அவர் இமை அசைந்தது.

“கேட்டு தொறந்தாச்சா?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்திருந்தால் அவர் ஓட்டியிருப்பார்.

கிழித்ததும் அவிழ்த்ததுமாக ஆறு படுதாக்களையும் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். முதலாளி என் மேஜையருகில், கையெழுத்துப் போடக் கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். படுதாக்களை மேஜையில் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், வாய்ப்பாடு உட்பட. அவர் கெட்டவர் அல்ல. கடைசிவரை கேட்டார். கித்தானின் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சரி. படுதா வேண்டாம், எல்லாத்தையும் கழட்டிருவோம். இனி எவனுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் கடுதாசி போகட்டும்.”

“அண்ணாச்சி குடிக்கலியே, முதலாளி.”

“நீ புரிஞ்சுதான் பேசுதியா? அவன் குடிச்சான்னா அது அவன் தப்பு. படுதான்னா அது கம்பெனித் தப்பு. கம்பெனின்னா யாரு? தச்சது நீ. பொட்டப் பிள்ளைய ஆபீஸ்ல வச்சா இப்படித்தான்னு ஊரு பேசும். உனக்குப் பொறவு ஒருத்தி இந்த நாற்காலியில உக்கார முடியுமா?”

அவர் என்னைப் பயமுறுத்தவில்லை. என் நல்லதற்குத்தான் சொன்னார். அதனால்தான் அது கனமாக இருந்தது. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், நான் யோசித்தேன். அந்த நாற்காலியைப் பார்த்தேன். நான் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஒரு மனிதரை ஆயுசுக்கும் குடிகாரராக்கப் போகிற அழகான கையெழுத்து.

புத்தகத்தைத் திறந்தேன். “முதலாளி, இந்தப் புஸ்தகம் எதுக்கு இருக்கு? அடுத்த வண்டி எங்க விழும்னு முன்கூட்டித் தெரிஞ்சுக்கத்தான. இதுல பொய் இருந்தா நாளைக்கு இன்னொருத்தர் எங்கயாவது வேறொரு படுதா தைப்பாங்க. என்ன மாதிரியே நல்லதுன்னு நெனச்சுத் தைப்பாங்க” என்றேன்.

முந்தின நாள் அவர் பெயருக்குப் பின்னால் எழுதிய வார்த்தைகளின் மேல் கோடு போட்டேன். அதன் கீழே எழுதினேன்: “மேலே உள்ளது தவறு. டிரைவர் குடிக்கவில்லை. கரி டிரம்மிலிருந்து கசிந்த காஸ், நான் தைத்துக் கட்டிய படுதாவுக்குள் அடைபட்டு அவரை மயக்கியது. டிரைவர்கள் தலைவலி என்று சொன்னபோது நான் விசாரிக்கவில்லை.” கீழே என் முழுப்பெயரை எழுதினேன். அந்தக் கையெழுத்து மட்டும் கோணலாக வந்தது.

முதலாளி அதைப் படித்தார். ஜன்னல் வழியாகக் காற்றைப் பார்த்தார். “உங்கப்பனும் இப்படித்தான். பாய் கிழிஞ்சா காத்தக் குத்தம் சொல்ல மாட்டான்” என்றார். கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். “சரி, நாளைக்கு வண்டி ஓடணும், கண்ணும் தெரியணும். என்ன செய்யணும்னு எழுது.”

இந்தத் தடவை நான் மேஜையில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அன்று மாலையே டிரைவர்கள் எல்லாரையும் ஒர்க்‌ஷாப்பில் உட்காரவைத்து, உங்களுக்கு எங்கே என்ன கஷ்டம் என்று கேட்டேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. குமாஸ்தா கேட்டால் வேலை போகப் போகிறது என்று அர்த்தம், அவர்களுடைய அனுபவம் அது. என் புத்தகத்தில் நான் அடித்த வரியை வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை.

அவர்கள் சொன்னதிலிருந்துதான் எல்லாம் வந்தது. எஞ்சின் நின்றால் டிரைவர் இறங்கித் தரையில் நிற்க வேண்டும். ரயில்வே கேட்டில் ஆனாலும் சுங்கத்தில் ஆனாலும் இதுதான் விதி. தினம் காலையில் மூடியின் விளிம்பைக் களிமண் வைத்துப் பூசிய பிறகுதான் வண்டி கிளம்பலாம். மேஸ்திரி ஒவ்வொரு லாரியாக டிரம்மைப் பின்கோடிக்கு மாற்றித் தந்தார். மேல்காற்றை என்ன செய்வது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, துறைமுக வாசலில் மயங்கிக் கிடந்தாரே, அந்த டிரைவர் சொன்னார்: “உப்ப மூடாம எங்களப் போயி எதுக்கு மூடுதிய?” எவ்வளவு எளிது! மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைப் பனையோலையால் வேய்வது எங்கள் ஊர் வழக்கம். சாலையோரக் குவியல்களை மட்டும் ஆனியிலேயே வேயும்படி உப்பளக்காரர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இரண்டு பேர் விரட்டினார்கள். மறுபடி போனேன். மூன்றாம் தடவை போனபோது அலுத்துப்போய் வேய்ந்துவிட்டார்கள். மண் பறப்பது நிற்கவில்லை. ஆனால் கண்ணை அறுக்கிற உப்புப் பொடி பாதிக்கு மேல் நின்றுபோனது.

இன்னொன்றும் சேர்த்தேன். தலைவலி, மயக்கம், தூக்கம் என்று ஒரு டிரைவர் சொன்னால், வண்டி அங்கேயே நிற்க வேண்டும், அவர் பேரில் குறை எழுதக் கூடாது. நடை முடிந்து வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்டு எழுதுவேன். “தலை எப்படி இருக்கு?” என்றால், “இருக்க இடத்துலதான் இருக்கு கிளார்க்கம்மா” என்பார்கள். கேலி செய்யட்டும். பதில் வந்தால் போதும்.

அண்ணாச்சி நான்காம் நாள் வேலைக்கு வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

“எழுதுனத அடிச்சிட்டியளாமே. காட்டுங்க.”

அவருக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இதுல எது எம் பேரு?”

காட்டினேன்.

“பேரு மேல கோடு விழலியே?”

“இல்ல அண்ணாச்சி. அதுக்குப் பொறவு வந்த வார்த்தை மேலதான்.”

“அப்பச் சரி” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார். ஏறுவதற்கு முன்னால் மூடியைத் தடவிப் பார்த்தார்.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்துவிட்டது. கரி டிரம்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதே நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறேன். எதிர் மேஜைக்குப் போன மாதம் இன்னொரு பெண்ணும் வந்துவிட்டாள். புத்தகம் மட்டும் மூன்று மாறிவிட்டது. பழைய புத்தகத்தை நான் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. கையெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். எந்த வண்டி எங்கே இடறினாலும், எழுதுவதற்கு முன்னால் இறங்கிப் போய் அந்த மனிதரின் பக்கத்தில் நிற்கிறேன். சேறானாலும் சரி, சேலை கஞ்சி போட்டதானாலும் சரி, அன்று நான் நடக்காமல் விட்ட அந்தப் பத்தடியை நடந்து முடித்த பிறகுதான் என் பேனாவைத் திறக்கிறேன்.